தேயாத பூட்ஸ்

1

லண்டனில் என் வீட்டுக்குள் யார் வந்தாலும் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். அப்படி ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். வரி கேட்டு வந்த அதிகாரி கழற்றினார். குண்டு போடுகிற சண்டைக் காலத்தில் ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது என்று அதட்ட வந்த போலீஸ்காரர்கூடக் கழற்றினார். அவர் காலுறை ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "இது யார் வீட்டுச் சட்டம்?" என்று கேட்டார். "பரளச்சிப் பக்கத்துச் சட்டம்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டார். வெள்ளைக்காரன் ஊரில் வெள்ளைக்காரனையே வெறுங்காலோடு நிற்க வைத்தவன் நான் என்று கப்பல்துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சும்மா சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன்.

போன வாரம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், மழையில் நனைந்தபடி ஒரு பையன். காரியாபட்டிக்காரன். இங்கே கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதமாகிறதாம். படிப்பு நேரம் போக ஏதாவது வேலை கிடைக்குமா என்று என்னைத் தேடி வந்திருக்கிறான். பேசிக்கொண்டே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். யாரும் சொல்லாமலே, நம்ம ஊர்ப் பழக்கத்தில்.

எனக்குப் பெருமாள்சாமி ஞாபகம் வந்துவிட்டது. அவன் செத்துப்போன நாள் இந்த மாதத்தில்தான் வருகிறது.

அந்தக் காரியாபட்டிப் பையனுக்கு நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இப்போது நம் பக்கத்தில் கூடிவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்கள் முதலில் பெருமாள்சாமி கதையைத் தெரிந்துகொள்ளட்டும்.

2

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். பரளச்சிக்கு அடுத்தாற்போல இருக்கிற சின்னக் குடியிருப்பில் பிறந்தவன். மீசை முளைக்கும் முன்பே தூத்துக்குடிக்கு ஓடிப்போய்க் கப்பலில் கரி அள்ளும் வேலைக்கு ஏறினேன். என்னை யாரும் கைதூக்கி விடவில்லை. லண்டனில் இறங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மாலுமிகளின் கெட்ட வார்த்தைகள்தான். இன்றைக்குக் கப்பல்துறைக்குப் பக்கத்தில் மூன்று மாடி விடுதி எனக்குச் சொந்தம். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே மாலுமிகள் தங்கும் அறைகள். குண்டு விழுந்து எங்கள் தெருவில் எதிர்வரிசை முழுவதும் தரைமட்டமானபோதும் என் வீடு நின்றது. பின்சுவர் நானே சிமெண்டு குழைத்து எழுப்பியது. இந்த ஊர் இஞ்சினியர் வந்து பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்துப் போனார்.

மனைவி எல்சி இந்த ஊர்க்காரி. மகள் ரோஸ் ஓர் ஆபீசில் டைப் அடிக்கிறாள். அவளுக்குத் தமிழில் தெரிந்தது "சோறு", "போதும்" இரண்டுதான். சொல்லிக் கொடுக்க எனக்கு நேரம் இல்லை. சம்பாதிக்கிற மனுசனுக்கு எங்கே நேரம்?

இந்த வீட்டுக்குத்தான் பெருமாள்சாமி வந்தான். சண்டை முடிந்து, நம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். மின்சார இஞ்சினியர் படிப்பு, கடைசி வருஷத்துக்கு முந்தின வருஷம். அவன் பரளச்சியில் பெரிய நிலக்காரர் வீட்டுப் பேரன். அவர்கள் களத்தில்தான் என்னைப் பெற்ற அய்யா மரியான் பொலி தூற்றினார். அவனுடைய தாத்தா எங்கள் அய்யாவை "ஏலே மரியான்" என்றுதான் கூப்பிடுவார். அய்யா அவரைச் "சாமி" என்பார். பேரன் என் வாசலில் நின்று, "அண்ணாச்சி, நீங்க சவரிமுத்துதான? நான் பரளச்சி. சீனியம்மா மகன்" என்றான். "நீங்க" என்ற அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டதுபோல இருந்தது. கேட்காமலே ஆட்டுக்கறி போட்டேன். அப்போது இங்கே கறி ரேஷன். அந்த வாரத்துக் கறி முழுவதும் அவன் தட்டில்தான் விழுந்தது.

எல்சிக்கு அவன் பெயர் வாயில் நுழையவில்லை. சுருக்கிச் "சாமி" என்று வைத்துக்கொண்டாள். "சாமி, டீ வேணுமா? சாமி, கதவைச் சாத்து" என்று நாள் முழுக்க என் வீட்டில் அந்தச் சொல் கேட்டது. எங்கள் அய்யா கையைக் கட்டிக்கொண்டு சொன்ன சொல்லை என் மனைவி கரண்டியை ஆட்டிக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. அவனிடம் விளக்கிச் சொன்னேன். அவனும் சிரித்தான். பிறகு, "தாத்தா கேட்டிருந்தா அப்பவே உசுர விட்டிருப்பாரு" என்றான்.

3

முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அடுத்த வருஷம் ஒரு நாள் வாரத்தின் நடுவில் வந்து நின்றான். முகம் சுண்டிப் போயிருந்தது.

ஊரில் மழை பொய்த்திருந்தது. கம்பும் போச்சு, பருத்தியும் போச்சு. அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ஒற்றையாக நிலத்தைப் பார்க்கிறார். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலை மாடுகளை விற்று அனுப்பிய பணம், வெளிநாட்டுக்கு அனுப்ப சர்க்கார் அனுமதி வேண்டும் என்று எங்கேயோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதத்துக்கு இன்னொரு காகிதம் கேட்டார்கள். அதற்குக் கல்லூரியின் முத்திரை கேட்டார்கள். கல்லூரியோ, பணம் கட்டினால்தான் முத்திரை என்றது. தை பிறப்பதற்குள் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயரை எடுத்தால் கப்பலேற வேண்டியதுதான். பாதிப் படிப்போடு பரளச்சியில் போய் இறங்க வேண்டும்.

"அண்ணாச்சி, ஒரு வேலை வேணும். சனி, ஞாயிறு, லீவு நாள்ல பாக்குற மாதிரி."

"என்ன வேலை தெரியும்?"

"எதுனாலும் செய்வேன்."

"எதுனாலும்னு சொல்றவனுக்கு இந்த ஊர்ல எதுவும் கெடைக்காது தம்பி. ஒண்ணச் சொல்லு."

"கரண்டு வேலை."

"அதுக்கு இங்க சங்கம் இருக்கு. அதுல இல்லாதவன் பல்பக்கூடத் திருகக் கூடாது."

"அப்பத் திருகாத வேலையாப் பாருங்க" என்றான். அந்த நிலைமையிலும் அவனுக்கு வாய் குறையவில்லை.

என் விடுதியிலேயே தட்டுக் கழுவச் சொல்லியிருக்கலாம். ஆள் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் மரியான் மகன் வீட்டில் நிலக்காரர் பேரன் எச்சில் தட்டுக் கழுவுவதா? எனக்கே வாய் வரவில்லை. சும்மா தருகிறேன், வாங்கிக்கொள் என்றேன். "உங்ககிட்டச் சும்மா வாங்கினா நாளைக்கு இங்க வந்து உரிமையாச் சாப்பிட முடியாது அண்ணாச்சி" என்று மறுத்துவிட்டான். சரி, நாளைக்கே வேலை பிடித்துத் தருகிறேன் என்று மார்தட்டினேன். இந்தத் துறைமுகத்தில் என் பேச்சுக்கு மரியாதை உண்டு.

அந்த மரியாதை எதுவரை செல்லும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வேலை தேடித் தருகிற சர்க்கார் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். தொழிலாளிக்கு ஒரு வரிசை, பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வரிசை. மாணவனுக்கு வரிசை இல்லை. "நீ தொழிலாளியா, மாணவனா?" என்றாள் ஜன்னலுக்குள் இருந்த அம்மாள். "இரண்டும்" என்றான். அவளுடைய தாளில் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டம் இல்லை. ஒரு சலவைக்கடையில் என்னைப் பார்த்துச் சிரித்த முதலாளி, அவனைப் பார்த்ததும் ஆள் எடுத்தாகிவிட்டது என்றார். கதவில் ஆள் தேவை அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு துணிக்கடையில் மட்டும் மேலாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, குடும்பத்தை விசாரித்து, "உங்களுக்குத் தகவல் சொல்கிறோம்" என்று கைகுலுக்கினார். வெளியே வந்ததும் பெருமாள்சாமி ஓட்டமும் நடையுமாக வந்தான். "வேலை கெடைச்ச மாதிரித்தான அண்ணாச்சி?" நம் ஊரில் ஒருவர் உட்கார வைத்துப் பேசி, தகவல் சொல்கிறேன் என்றால் அது வாக்கு. வண்டி கட்டி ஆளாவது அனுப்புவார். இந்த ஊரில் அது கதவை மெதுவாகச் சாத்துகிற முறை. எனக்கு அது தெரியும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. தபால்காரர் வரும் நேரமெல்லாம் என் வாசலில் வந்து நின்றான். நான்காம் முறை, இனித் தகவல் வராது என்று ரோஸ்தான் சொன்னாள். அவன் அவள் முன்னால் இருந்த தட்டுகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான். நான் பிடுங்கி வைத்தேன்.

4

என் கடைக்கு உருளைக்கிழங்கு கொண்டுவருகிற லாரிக்காரருக்கு மச்சான் ஒருவர் பண்ணை வைத்திருந்தார். லண்டனைத் தாண்டி ஒரு மணி நேரம். இங்கே கோதுமையை அறுத்துப் போராக அடுக்கி வைத்து, குளிர்காலத்தில்தான் எந்திரத்தில் அடிப்பார்கள். அதற்குச் சனிக்கிழமை, லீவு நாட்களில் வர ஆள் வேண்டும் என்றார். யாராக இருந்தாலும் சரி, முதுகு வளைந்தால் போதும் என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். "கதிரடிப்பு நம்ம ரத்தத்துல ஊறினதுல்ல!"

பெருமாள்சாமி தரையைப் பார்த்தான். "எங்க களத்துல நான் ஒரு நாளும் வேலை செஞ்சதில்ல அண்ணாச்சி. அம்மா விடாது. படிக்கிற புள்ளைக்குக் களத்துல என்ன சோலின்னு வெரட்டிவிடும்."

"அங்க முதலாளி, இங்க கூலி. அம்புட்டுத்தான்."

"போறேன்" என்றான். பிறகு என் கையைப் பிடித்தான். "அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. இன்னொருத்தன் களத்துல கூலிக்கு நின்னேன்னு தெரிஞ்சா அது தாங்காது. ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலைன்னு எழுதிர்றேன். நீங்களும் ஊருக்கு எழுதினா அப்படித்தான் எழுதணும்."

வாக்குக் கொடுத்தேன். பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிற கடையில் கெட்டியான பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். புதுசு; எந்தச் சிப்பாய் காலிலும் ஏறாதது. அதை மட்டும் சும்மா வாங்கிக்கொண்டான்.

முதல் நாள் நானும் லாரியில் போனேன். முற்றத்தில் எந்திரம் புகை விட்டுக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் கோதுமை அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. மேஸ்திரி ஜாக் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, அம்பாரத்தில் ஏறி மூட்டைகளில் அள்ளிப் போடச் சொன்னார். மற்ற ஆட்கள் சேற்றுப் பூட்ஸோடு தானியத்தின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெருமாள்சாமி அம்பாரத்துக்கு முன்னால் நின்றான். ஒரு காலைத் தூக்கினான். வைக்கவில்லை. பிறகு உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். காலுறையையும் கழற்றினான். சுவரில் இருந்த ஆணியில் இரண்டையும் மாட்டினான்.

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்துக் களத்தில் பொலி, அதாவது தூற்றிய தானியம், குவிந்திருக்கும்போது செருப்புக் காலோடு யாரும் ஏறுவதில்லை. கூலிக்காரனும் ஏற மாட்டான், நிலக்காரரும் ஏற மாட்டார். தெருவில் எங்கள் காலுக்கு ஒரு சட்டம், அவர்கள் காலுக்கு ஒரு சட்டம் என்று இருந்த காலம் அது. அந்த ஓர் இடத்தில் மட்டும் எல்லாக் காலும் வெறுங்கால்தான். அவன் தாத்தாவின் பாதத்தை நான் அங்கேதான் பார்த்திருக்கிறேன். எங்கள் அய்யா பாதம் மாதிரியேதான் வெடித்திருந்தது.

"தம்பி, கழட்டாத. இந்தக் குளிரு எலும்புக்குள்ள போயிரும்" என்றேன்.

"கால் போக மாட்டேங்குது அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

ஜாக் என்னிடம், "அவனுக்குப் பூட்ஸ் சின்னதா?" என்று கேட்டார். "எங்கள் ஊரில் தானியத்தை அப்படி மிதிப்பதில்லை" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி அம்பாரத்துக்குக் கும்பிடு போடுவதுபோல நடித்தான். பெருமாள்சாமியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு மேலே ஏறினான். நான் கொட்டகைக்குள் போகவில்லை. வாசல்படியிலேயே நின்றேன். என் பூட்ஸுக்குள் விரல்கள் மடங்கிக்கொண்டன.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் அப்படித்தான் வேலை பார்த்தான். லாரியில் ஏறும்போது பூட்ஸ், இறங்கினால் ஆணியில். மாலையில் என் வீட்டுக்கு வருவான். எல்சி வெந்நீர்த் தொட்டியை அவன் காலடியில் வைப்பாள். பாதம் சிவந்து வீங்கியிருக்கும். ரோஸ் அவனைக் கேலி செய்வாள். அவளுக்கு "அண்ணே" என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்திருந்தான். "அண்ணே, குரங்கு காலு!" என்பாள். அதுவும் அவன் கற்றுக்கொடுத்த தமிழ்தான். என்னிடம் வந்து "அப்பா, சாப்டாச்சா?" என்று ஒரு நாள் கேட்டாள். என் மகள் என்னைத் தமிழில் சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் தடவை அது. நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

தை பிறந்தது. பணம் கட்டினான். பெயர் நின்றது. "இனி அடுத்த வருஷம் இந்நேரம் இஞ்சினியர்" என்றான். கிணற்றில் மோட்டார் வைப்பது, கமலையே இல்லாமல் தண்ணீர் இறைப்பது, அம்மா மோட்டாரின் விசையைத் தன் கையால் தட்டுவது எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை வைத்து எங்களுக்குக் காட்டினான். உப்புக் கிண்ணம்தான் கிணறு.

5

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாக்கு எடுப்பதற்காகக் கொட்டகையை விட்டு முற்றத்துக்கு ஓடியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் பூட்ஸ் மாட்டிக் கழற்றுவது யாருக்கு முடியும்? வைக்கோலுக்குள் கிடந்த, வைக்கோல் வாருகிற கவட்டைக் கம்பியின் முனை உள்ளங்காலில் ஏறிவிட்டது. குதிரைச் சாணம் கிடக்கிற இடம். நம் ஊரில் காட்டு வேலையில் காயம்பட்டால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தான். களத்துப் புழுதியை ஒரு பிடி அள்ளி அதில் வைத்து அமுக்கினான். ரத்தம் நின்றது. திரும்பப் போய் அம்பாரத்தில் ஏறினான்.

அன்றைக்கு மாலை, மாட்டினால் வலிக்கிறது என்று பூட்ஸை ஆணியிலேயே விட்டுவிட்டு, காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்து, அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் பார்த்தேன். கொசு கடித்த அளவுதான் இருந்தது. எல்சி மருந்து போட்டுக் கட்டினாள். டாக்டரிடம் போ என்றாள். சரி சரி என்றான்.

கொஞ்ச நாள் கழித்து ரொட்டியை மெல்ல முடியவில்லை என்றான். குளிரில் தாடை இறுகிவிட்டது என்று நினைத்துத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டான். மறுநாள் வாய் திறக்கவில்லை. ரோஸ்தான் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர்கள் சொன்ன இங்கிலீஷ் பெயர் எனக்கு விளங்கவில்லை. கட்டிலில் அவன் உடம்பு வில்லாக வளைந்ததைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ரண ஜன்னி. நம் ஊரில் லாடம் அடிக்கிற இடத்தில் காலில் ஆணி ஏறியவர்களுக்கு வரும்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் குறை வைக்கவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அறையை இருட்டாக்கி, சத்தம் கேட்காமல் கதவுக்குத் துணி கட்டினார்கள். சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு இழுத்தது. அதனால் பேசக் கூடாது என்றார்கள். வாழ்நாள் முழுவதும் பேசியே பிழைத்தவன் நான். அவன் பக்கத்தில் ஒரு சொல் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு நேரம் என்னைப் பார்த்தான். பல் இறுகிய வாயால் ஏதோ சொல்ல முயன்றான். "அம்மா" என்றது மட்டும் கேட்டது. அம்மாவிடம் சொல்லாதே என்கிறானா, அம்மாவிடம் சொல் என்கிறானா, இல்லை, வெறுமனே கூப்பிட்டானா? இன்றைக்கு வரை தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் காலையில் போய்விட்டான்.

உள்ளங்காலில் கம்பி ஏறியதால் என்று மட்டும் ஊருக்குத் தந்தி அடித்தேன். தகனத்துக்கு ஜாக் வந்தார். அன்றைக்கு அம்பாரத்துக்குக் கும்பிடு போட்டுக் காட்டிய ஆளும் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசிவரை நின்றான். ஆணியில் தொங்கிய பூட்ஸை ஜாக் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அதற்குப் பிறகு ரோஸ் தமிழில் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் தமிழில் பேசினால் எழுந்து போய்விடுவாள்.

6

அடுத்த கோடையில் ஊருக்குப் போனேன். ஓடிப்போன பிறகு முதல் தடவை. கோட்டும் தொப்பியுமாக அருப்புக்கோட்டையில் இறங்க வேண்டும் என்று இத்தனை வருஷமாகக் கனவு கண்டிருந்தேன். இறங்கினேன். பெட்டிக்குள் அவனுடைய அஸ்திச் செம்பும் பூட்ஸும் இருந்ததால், யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

பரளச்சிக்கு மாட்டு வண்டி பிடித்தேன். வண்டிக்காரர் விடாமல் விசாரித்தார்.

"லண்டன்ல மழை உண்டுமா?"

"தெனமும் பெய்யும்."

"தெனமுமா! இங்கிட்டு வரும்போது பெட்டியில கொஞ்சம் போட்டுட்டு வந்திருக்கலாம்ல? கோட்டத் தூக்கிட்டு வந்திருக்கீக."

இருபுறமும் வெடித்துக் கிடந்த கரிசல். பருத்திமார்க் குச்சிகூட நிற்கவில்லை. மாடு எலும்பாக இழுத்தது.

சீனியம்மாள் வீட்டுத் தலைவாசலில் நின்று, பெட்டியைக் கீழே வைத்து, குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். அந்த வாசலை எங்கள் அய்யா தாண்டியதில்லை. நானும் தாண்டியதில்லை. என் கை தானாகவே அவிழ்த்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு? மரியான் மகனா?"

"ஆமாம்மா."

"அங்கன நிக்காதீக. வாங்க. கழட்டாதீக, போட்டுக்கிட்டே வாங்க. முத்தமெல்லாம் உடமுள்ளு கெடக்கு. பெருக்க ஆளில்ல."

போனேன். கட்டிலைக் காட்டினார். உட்கார்ந்தேன். அஸ்திச் செம்பை வாங்கிச் சாமி அறையில் வைத்துவிட்டு வந்தார். அழவில்லை. பூட்ஸை எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவினார். பிறகு திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது அவன் போட்டதா?"

"ஆமாம்மா. குளிர்காலம் பூராம்."

"எங்க வீட்டு ஆம்பளைக செருப்ப நான் பாத்ததில்லையா? அவுக அப்பாவுக்கு நாலு மாசத்துல குதிங்கால் தேஞ்சு போகும். இவனுக்கும் அதே நடதேன். இதுல ஒண்ணுமே தேயலயே."

"உக்காந்து பாக்குற வேலைம்மா."

"அப்படித்தேன் எழுதினான்." விரலால் அடித்தோலைக் கீறிப் பார்த்தார். "உள்ளங்கால்ல கம்பி ஏறிருச்சுன்னு நீங்க தந்தியில சொன்னீக. உக்காந்த வேலை. கால்ல இம்புட்டுக் கனத்துக்குப் பூட்ஸு. கம்பி எப்படி ஏறும்?"

எத்தனையோ அதிகாரிகளைப் பேசியே மடக்கியவன் நான். அந்த அம்மாளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பொய் கிடைக்கவில்லை. சொல்லிவிட்டேன். பண்ணை, கொட்டகை, அம்பாரம், ஆணியில் தொங்கிய பூட்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூலிக்கா?"

"கூலிக்குத்தேன்மா. படிப்பு நிக்கக் கூடாதுன்னு. நீங்க தாங்க மாட்டீகன்னு சொல்ல வேணாம்னான்."

அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார்.

"அம்பாரத்து மேல வெறுங்காலோடயா ஏறினான்? நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன்மா. எல்லாரும் பூட்ஸோடதேன் ஏறினாக. இவன் மட்டும் கழட்டினான். கழட்டாதன்னு சொன்னேன். கால் போக மாட்டேங்குதுன்னான்."

"போகாது" என்றார். "எப்படிப் போகும்?"

பூட்ஸை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். வெளியே வண்டி மாடு மணியை ஆட்டும் சத்தம் வந்தது.

"அவன் நடக்கப் பழகின புதுசு. அவுக அப்பா டவுன்ல இருந்து குட்டிச் செருப்பு ஒண்ணு வாங்கியாந்தாக. அதப் போட்டுக்கிட்டுக் குடுகுடுன்னு ஓடிப் போயி கம்பம்பொலியில ஏறிட்டான். களம் பூராம் ஆளுக. எனக்கு மானம் போச்சு. எறக்கி, தொடையில கிள்ளினேன். ரத்தம் கட்டிருச்சு. அழுதுக்கிட்டே கழட்டி வீசினான். அதுக்கப்புறம் தெருவுல ஒரு கம்பு மணி செதறிக் கெடந்தாக்கூடச் சுத்தித்தேன் போவான்."

வலது கையைத் தூக்கிக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பார்த்தார்.

"இந்த ரெண்டு வெரலுதேன்" என்றார்.

அப்படிச் சொல்லாதீர்கள் அம்மா என்று சொல்ல வாயெடுத்தபோது என் முதுகில் பட்ட பிரம்பு நினைவுக்கு வந்தது. எங்கள் அய்யாவும் அதே களத்தில் அதே காரணத்துக்காக என்னைப் பிரம்பால் அடித்திருக்கிறார். நான் ஊரை விட்டு ஓடியதால், என் வீட்டு வாசலில் வெள்ளைக்காரனைக் கழற்ற வைத்தேன். பெருமாள்சாமி படித்த பிள்ளை, தானே கழற்றினான்.

புறப்படும்போது பூட்ஸை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இத இங்க வச்சு நான் என்ன செய்ய? கொண்டு போங்க. படிக்க வர்ற புள்ளைக யாரு காலுக்காவது ஆகும். போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க."

7

அந்தப் பூட்ஸ் இவ்வளவு நாளும் என் வாசல் அலமாரியில் இருந்தது. இந்தத் துறைமுகத்தில் இத்தனை ஆட்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவன் நான், இன்னும் கொடுப்பேன். அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன வாரம் வந்த காரியாபட்டிப் பையனின் பூட்ஸில் அடித்தோல் வாயைப் பிளந்திருந்தது. காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவன் முழுவதும் அவிழ்க்கும்வரை நின்றேன். பிறகு உலர்ந்த காலுறையும் அலமாரியிலிருந்த ஜோடியும் எடுத்துக் கொடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தான். கொஞ்சம் பெரிது. கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மழையில் நாலு எட்டு நடந்து பார்த்துத் திரும்பி வந்தான்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. யாரோடது?"

"ஒன்னோடதுதான்."

வாசலுக்கு வந்ததும் திரும்பக் குனிந்தான்.

"கழட்டாத. போட்டுக்கிட்டே வா" என்றேன்.

"வீட்டுக்குள்ளயா?"

"வீட்டுக்குள்ளதான்."

தயங்கித் தயங்கி உள்ளே நடந்தான். எல்சி மெழுகு போட்டுத் துடைத்த தரை. ஒவ்வோர் அடியும் ஈரச் சேறாகப் பதிந்தது. இத்தனை வருஷத்தில் அந்தத் தரையில் பூட்ஸ் பட்டதில்லை. எல்சி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். துடைக்க எடுத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மாடிப்படியில் இறங்கி வந்த ரோஸ் பாதியில் நின்றுவிட்டாள்.

"சாப்டாச்சா?" என்றாள் அந்தப் பையனிடம்.